திருப்பிப் போடாதது

வலது மணிக்கட்டு மாவுக்கட்டுக்குள் இருக்கிறது.
நாற்பது நாள் என்றார் மருத்துவர்.
இன்று ஒன்பது.

இடக்கையால் முட்டை உடைப்பது
ஒரு வித்தை. எனக்கு வராது.
முதல் முட்டை கிண்ணத்துக்கு வெளியே வழிந்து
மேசை விளிம்பில் ஒரு கணம் யோசித்து
என் செருப்பில் விழுந்தது.
இரண்டாவது ஓட்டோடு உள்ளே போனது.
சில்லை விரலால் துரத்தினேன், நழுவியது.
ஓட்டை ஓட்டால் அள்ளினால்தான் வரும்.
மூன்றாவதில் கை கொஞ்சம் அடங்கியது.
வேண்டியது எட்டு,
பெட்டியில் இருந்தது பத்து.

துலியோ கதவோரம் வந்து நின்றான்.
"நான் அடிக்கவா?"
"வேண்டாம்."
ஒன்பது நாளில் எங்களுக்குள் இதுவே நீளமான உரையாடல்.

ஃபெர்ராராவில் எல்லோருக்கும் சைக்கிள் உண்டு,
எல்லாச் சைக்கிளுக்கும் பிரேக் உண்டு.
என்னுடையதற்கு மார்ச்சிலிருந்து வாக்குறுதி மட்டும்.
"சனிக்கிழமை பார்க்கிறேன்."
பதினொரு சனிக்கிழமைகள்.
பன்னிரண்டாவதில், மதில்மேட்டு இறக்கத்தில்,
பிரேக்கை அழுத்தினேன்.
அது எதையும் பிடிக்கவில்லை.
நான் தரையைப் பிடித்தேன்.
"வேகமாக வந்திருப்பாய் ஒர்னெல்லா" என்றான்
எக்ஸ்ரே அறை வாசலில்,
காபிக் கோப்பையை ஊதிக்கொண்டே.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு.
தன் தவறை அடுத்தவர் தலையில் கவிழ்ப்பவனை
ஃப்ரித்தாத்தாவைத் திருப்பிப் போடுகிறான் என்பார்கள்.
துலியோ அதில் கெட்டிக்காரன்,
அடுப்படியிலும் சரி, வெளியிலும் சரி.
வாணலிமேல் தட்டைக் கவிழ்த்து, மூச்சடக்கி,
ஒரே சுழற்று.
இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடச் சிந்தவில்லை.
அதற்காகவே இவனைக் கட்டிக்கொண்டேன் என்று
யாராவது சொன்னால்
இன்றைக்குச் சண்டைக்குப் போவேன்.

ஆகவே இன்று
அவன் வேண்டாம், அவன் போதும்.
முன்னது ஆள், பின்னது அடுப்பு.
நூற்று எண்பது டிகிரி.
திருப்ப வேண்டிய வேலையே இல்லை.

சுக்கினியை அரிந்தேன்.
ஒரு வில்லை காசு மாதிரி,
அடுத்தது கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம்.
வெங்காயம், கிள்ளிய புதினா, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்.
பார்மிஜானோ கட்டியை மாவுக்கட்டால் அழுத்திப் பிடித்துத் துருவியதில்
இன்னும் முப்பத்தொரு நாளைக்கு
என் கை பாலாடைக்கட்டி மணக்கும்.
எல்லாவற்றையும் கலந்து மண்சட்டியில் ஊற்றி
இடுப்பால் தள்ளி, முழங்காலால் கதவு சாத்தினேன்.

இருபத்தைந்து நிமிடம்.
துலியோ நாற்காலியை இழுத்துப் போட்டு
கண்ணாடிக் கதவையே பார்த்தான்.
"இது ஃப்ரித்தாத்தா இல்லை. முட்டைக் கேக்."
"முட்டையில் மயிர் பிடுங்காதே."
அது எழும்பியது.
முதலில் ஓரங்கள், பிறகு தயங்கித் தயங்கி நடு,
பிறகு சட்டியின் விளிம்பையும் தாண்டி
பொன்னிறமாய், தலைக்கனமாய்.
எழுந்து போய்
தெரு முழுக்கக் காட்டவேண்டும்போல் இருந்தது.

மணி அடித்தது.
அப்போதுதான் உறைத்தது:
கொதிக்கும் மண்சட்டியை வெளியே எடுக்க
இரண்டு கை வேண்டும்.

நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
கையுறை ஜோடியில் ஒன்றை மாட்டிக்கொண்டு
மற்றதை நீட்டினான்.
ஆளுக்கொரு காது பிடித்து
பீரோ நகர்த்துகிறவர்கள்போல் பக்கவாட்டில் நடந்தோம்.
"உன் பக்கம் தாழ்கிறது." "உன் பக்கம்தான்."
மேசையில் வைத்த மறுகணம்
பெருமூச்சு விட்டு நடுவில் இறங்கிவிட்டது.

கேட்காமலே என் பங்கைச் சின்னச் சின்னதாக வெட்டினான்.
அடிப்பக்கம் வெளுத்திருந்தது.
பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாம் துண்டும் எடுத்துக்கொண்டான்.
பிறகு, வாயில் முட்டையோடு,
"பிரேக் கட்டை வாங்கிவிட்டேன்" என்றான்.
"எப்போது?"
உப்புக் குடுவையை நகர்த்தினான்.
மறுபடி நகர்த்தினான்.
"மார்ச்சில்."

பெட்டியில் ஒரு முட்டை மீதி இருக்கிறது.
இடக்கை இப்போது
நன்றாகப் பழகிவிட்டது.